வேலையை விட்டு வந்தவர்கள் கட்டிய மேடை

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் உள்ள தேசிய நாடக அரங்கம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அந்நாட்டு மத்திய வங்கியும் மற்ற வங்கிகளும் சேர்ந்து செலவு செய்து அதைப் புதுப்பித்தன. 2025 அக்டோபர் 1, சுதந்திர நாளன்று, நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் வோலே சோயின்காவின் பெயரோடு அது மீண்டும் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், விளக்கும் இருக்கையும் குளிர்சாதனமும் வந்தபிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அந்த மேடையில் ஏறப்போகிறவர் மாதக் கடைசியில் வீட்டு வாடகையை எதிலிருந்து கொடுப்பார்?

ஆப்பிரிக்காவின் நவீன நாடக வரலாற்றைப் புரட்டினால், அதன் முன்னோடிகளில் கணிசமானோர் வேறு பிழைப்பிலிருந்து வந்தவர்கள் என்பது தெரியும். போலீஸ் கான்ஸ்டபிள், கார் தொழிற்சாலைத் தொழிலாளி, பொருளாதாரம் படித்தவர், கராத்தே மாஸ்டர், கொத்தனார், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியை. கைநிறையவோ அரைகுறையாகவோ வந்துகொண்டிருந்த சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அரசாங்கங்கள் கட்டடம் கட்டின. நாடகத்தை உண்டாக்கியவர்கள் இவர்கள்.

இவர்களைப் போல இன்று ஒருவர் வேலையை விடத் துணிவாரா? துணிந்தால் மூன்று வருஷம் தாக்குப்பிடிப்பாரா? கட்டடத் திறப்பு விழாவில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சீருடையைக் கழற்றியவர்

ஹியூபர்ட் ஒகுண்டே 1916-ல் பிறந்தவர். சில காலம் பள்ளி ஆசிரியர். 1941-ல் போலீஸில் சேர்ந்தார். லாகோஸில் பணியில் இருந்தபோது, 1944-ல் ஒரு திருச்சபைக்காக இசை நாடகம் ஒன்றை உருவாக்கினார். கதை விவிலியத்திலிருந்து, பாட்டும் மேளமும் யோருபா மக்களுடையவை. கூட்டம் குவிந்தது. கொஞ்ச காலத்திலேயே சீருடையைக் கழற்றிவிட்டு, நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட ஒரு குழுவைத் தொடங்கினார். ஓய்வு நேரத்தில் கூடி நடித்துக் கலையும் குழுக்கள் அதற்கு முன்பும் இருந்தன. சம்பளம் கொடுத்து நடிகர்களை வைத்துக்கொண்டதுதான் புதிது.

1945-ல் நைஜீரியத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒகுண்டே அதையே நாடகமாக்கினார். ஜோஸ் நகரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைத் தடை செய்தார்கள். நேற்றுவரை அதே அரசாங்கத்தின் சம்பளம் வாங்கியவர் அவர். வெள்ளைக்காரன் போனபிறகும் தடை நிற்கவில்லை: 1964-ல் அவருடைய இன்னொரு நாடகம் அரசியல்வாதிகளைச் சுட்டுவிட்டதால், மேற்கு மாகாண அரசு அவருடைய குழுவையே அங்கே நடிக்கக் கூடாது என்றது.

நடிகைகள் கல்யாணமாகிப் போய்விட்டால் குழு கலைந்துவிடும் என்று, தன் குழுவின் நடிகைகள் பலரையும் அவரே மணந்துகொண்டார். இன்று படிக்கச் சங்கடமான செய்திதான். ஆனால், நடிகை என்ற வேலைக்குச் சமூகத்தில் இடமே இல்லாத காலத்தில் ஒரு குழுவைக் கட்டிக்காக்க என்னவெல்லாம் நடந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஒகுண்டேயைப் பார்த்துப் பலர் கிளம்பினார்கள். மேடைச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடக் கூடத்திலும் நகர மண்டபத்திலும் ஹோட்டல் முற்றத்திலும் நடித்தார்கள். 1980 வாக்கில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட யோருபா நாடகக் குழுக்கள் இருந்தன. அவற்றில் சேர்ந்தவர்களில் பலர் கைத்தொழிலையும் சிறு வேலைகளையும் விட்டு வந்தவர்கள்.

பிறகு எல்லாம் சரிந்தது. எண்ணெய் விலை விழுந்து பொருளாதாரம் நொடித்தது. இரவில் வெளியே போகப் பயம். வீட்டில் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வந்துவிட்டன. நாடகக்காரர்கள் பலர் வீடியோ படங்களுக்குப் போனார்கள். இன்று நாலிவுட் என்று உலகம் கொண்டாடும் தொழிலின் ஒரு வேர் அந்த ஊர்சுற்றும் நாடகங்களில் இருக்கிறது. ராணுவத் தொப்பி வடிவத்தில், 5,000 பேர் அமரும் கூடத்தோடு, 1977-ம் ஆண்டு ஆப்பிரிக்கக் கலைத் திருவிழாவுக்காகக் கட்டிய அந்த லாகோஸ் அரங்கத்தால் இந்தச் சரிவைத் தடுக்க முடியவில்லை.

கானாவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆசிரியையாக இருந்த எஃபுவா சதர்லாண்ட், 1950-களின் கடைசியில் நாடகப் பணியில் இறங்கி, தலைநகர் அக்ராவில் திறந்த முற்றத்தோடு ஒரு சிறிய நாடகக் கூடத்தை உருவாக்கினார். அட்வியா என்ற கிராமத்தில் ஊர்மக்களோடு சேர்ந்து கதைசொல்லலுக்கென்றே ஒரு மண்டபமும் எழுப்பினார். 1990-களின் தொடக்கத்தில் சீன உதவியோடு அக்ராவில் பெரிய தேசிய அரங்கம் வந்தது. அதற்கு இடம் தேவைப்பட்டது. சதர்லாண்டின் கூடத்தை இடித்தார்கள். பிற்பாடு பல்கலைக்கழக வளாகத்தில் அதேபோல ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால், நகரத்தின் நடுவே வேலை முடிந்து வருகிறவர் நுழைந்துவிடக்கூடிய ஒரு முற்றம் மாணவர்களுக்கான இடமாகிவிட்டது.

சட்டமே ஒத்துக்கொள்ளாத தொழில்

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது வேலை மாறுவதே குற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஜான் கானி போர்ட் எலிசபெத் நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நண்பர் வின்ஸ்டன் ட்சோனாவோடு முழுநேர நடிகராக முடிவு செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. கறுப்பினத்தவர் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் முதலாளி பெயரும் வேலையும் இருக்க வேண்டும். கறுப்பினத்தவருக்கு ‘நடிகர்’ என்று ஒரு வேலையை அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இருவரும், இயக்குநர் ஆதோல் ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்கள் என்று பதிவு செய்துகொண்டார்கள்.

2025 மார்ச்சில் மறைந்த ஃபுகார்டும் நேராக நாடகத்துக்கு வந்தவரல்லர். 1958-ல் ஜோகன்னஸ்பர்கில் பாஸ் சட்ட வழக்குகள் நடந்த நீதிமன்றத்தில் குமாஸ்தா. நாளெல்லாம் ஆட்கள் வரிசையாகச் சிறைக்குப் போவதைப் பார்த்தவர்.

இந்த மூவரும் சேர்ந்து 1972-ல் கேப் டவுனில் மேடையேற்றியதுதான் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’. கதையில் ஒருவன் ஃபோர்டு தொழிற்சாலை வேலையை உதறிவிட்டுப் புகைப்பட நிலையம் திறக்கிறான். இன்னொருவன் செத்துப்போனவனின் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தன் பெயரையே தொலைத்து வேலை தேடுகிறான். கானிக்குத் தொழிற்சாலையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1975-ல் நியூயார்க்கில் இருவரும் சேர்ந்து டோனி விருது வாங்கினார்கள். ஊரில் அவர்கள் இன்னும் சட்டப்படி நடிகர்கள் இல்லை.

வேறு தொழிலிலிருந்து வருகிறவர் கையில் இருப்பது இதுதான்: நாடகப் பள்ளி தர முடியாத சரக்கு. டர்பன் நகரில் கெஸ்ஸி கோவெண்டர் கொத்து வேலை செய்தவர். கட்டட வேலையிடத்தில் இந்திய வம்சாவளியினர் கறுப்பினத் தொழிலாளியை எப்படி நடத்தினார்கள் என்பதை 1970-களில் தன் இனத்தாரின் முகத்துக்கு நேரே மேடையில் வைத்தார். தமிழ் வம்சாவளியினரான ரோனி கோவெண்டர் பள்ளி ஆசிரியர். கரும்பாலை ஊர் ஒன்றின் ஹோட்டலில், வெள்ளையர் அல்லாதவருக்கான மதுக்கூடத்தில் நடக்கும் பேச்சையே நாடகமாக்கினார். டர்பன் இந்தியர்கள் தெருவில் பேசும் ஆங்கிலம் அதில் கூச்சமில்லாமல் மேடையேறியது. இன ஒதுக்கல் சட்டத்தால் ஆட்களை விரட்டியடித்த கேட்டோ மேனர் பகுதியின் கதைகளைக் கடைசிவரை விடாமல் சொன்னார். 2021-ல் காலமானார். தமிழ்நாட்டு வாசகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஜோகன்னஸ்பர்கின் புகழ்பெற்ற மார்க்கெட் தியேட்டர், பெயருக்கேற்றபடி ஒரு பழைய சந்தைக் கட்டடம்தான். இந்தியப் பழச் சந்தை. 1976-ல், சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்ட அதே மாதத்தில் அது திறந்தது. எல்லா நிறத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். சொந்தமாக எழுப்பிய பளிங்குக் கட்டடம் அல்ல. வேறு எதற்கோ கட்டி, வேலை முடிந்து காலியாகக் கிடந்த இடம். இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

வழக்கறிஞரின் கணக்கு

இன்றைய லாகோஸில் வேலையை விட்டு வந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் போலான்லே ஆஸ்டன்-பீட்டர்ஸ். சட்டம் படித்து, ஐ.நா. அகதிகள் அமைப்பிலும் வேலை பார்த்தவர். 2003-ல் ‘டெர்ரா கல்ச்சர்’ என்ற கலை மையத்தைத் தொடங்கினார். புத்தகக் கடை, ஓவியக் கூடம், உணவகம், நாடகம் எல்லாம் ஒரே இடத்தில். 2013-ல் ‘சாரோ’ என்ற பெரிய இசை நாடகத்தை இயக்கினார். அடுத்து வந்த ‘வாக்கா’ லண்டன் வரை போனது. இசைக்கலைஞர் ஃபெலாவின் மனைவியர் பற்றிய நாடகமும், யோருபா அரசி மொரேமியின் கதையும் தொடர்ந்தன. 2017-ல் சுமார் 400 இருக்கைகளோடு சொந்த அரங்கத்தையே கட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது கலையைவிடக் கணக்கு. நாடகம் மட்டும் போட்டுப் பிழைக்க முடியாது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவைத்திருந்தார். சாப்பிட வருகிறவர் ஓவியம் பார்ப்பார், ஓவியம் பார்க்க வந்தவர் நாடக டிக்கெட் வாங்குவார். சொந்த அரங்கம் இருந்தால் ஒரு நாடகத்தைப் பல வாரங்கள் ஓட்டலாம். வாடகை அரங்கில் இரண்டு நாள் ஆடிவிட்டு மேடை அமைப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய தந்தை நாட்டின் முன்னணி வழக்கறிஞர், பல்கலைக்கழகம் நிறுவியவர். சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்தது. இதனால் அவருடைய உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் அவரைக் காட்டி, ‘மனசு வைத்தால் யாராலும் முடியும்’ என்று மேடைகளில் பேசுகிறவர்கள் அந்தச் சுவர் இல்லாதவர்களை ஏமாற்றுகிறார்கள்.

சுவர் இல்லாதவரின் நிலைமையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு. ஆறு வாரம் ஒத்திகை; அந்த ஆறு வாரமும் யாருக்கும் வருமானம் இல்லை, பஸ் காசு மட்டும் போகும். மின்சாரம் நிச்சயமில்லாததால் ஜெனரேட்டர். 2023 மே மாதம் நைஜீரிய அரசு பெட்ரோல் மானியத்தை நிறுத்தியது. பெட்ரோல் விலை பல மடங்கு ஏறியது, பஸ் கட்டணமும் அதோடு ஏறியது. டிக்கெட் விலையை ஏற்றினால் வசதியுள்ளவர்கள் மட்டும் வருவார்கள். ஏற்றாவிட்டால் விளக்கு எரியாது. இரவு ஒன்பதரைக்கு நாடகம் முடிந்தால், லாகோஸின் மறுகோடிக்கு எப்படி வீடு திரும்புவது என்பது பார்வையாளரின் தனிக் கவலை.

பாட்டுக்கு நடுவே போலீஸ்

வேலையை விடத் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை; அரசின் மேலுள்ள பயமும் உண்டு. கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவராக இருந்த கூகி வா தியாங்கோ, கமிரிது கிராமத்து விவசாயிகளோடும் ஆலைத் தொழிலாளர்களோடும் சேர்ந்து கிகுயு மொழியில் நாடகம் போட்டார். திறந்தவெளி மேடையை மக்களே கட்டினார்கள். 1977 அக்டோபரில் தொடங்கிய நாடகத்துக்குச் சில வாரங்களில் அனுமதி ரத்து. டிசம்பர் 31 அன்று கூகி கைதானார். விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு சிறை. பல்கலைக்கழக வேலையும் போயிற்று. 1982-ல் போலீஸ் வந்து அந்த அரங்கத்தைத் தரைமட்டமாக்கியது. ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவரை அரசு அதுவரை பொறுத்துக்கொண்டது; கிராமத்தாருக்குப் புரியும் மொழியில் அவர்களே நடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்நாடகம் 2022-ல் நைரோபியில் மீண்டும் மேடையேறியது. 2025 மே மாதம் கூகி அமெரிக்காவில் காலமானார்.

உகாண்டாவில் இடி அமீன் காலத்தில், தேசிய அரங்கத்தை நடத்திவந்த பைரன் கவாட்வா 1977-ல் கொல்லப்பட்டார். டப்ளினில் பொருளாதாரம் படித்துவிட்டுத் திரும்பி நாடகக் குழு நடத்திய ராபர்ட் செருமாகா, வசனத்தைக் குறைத்து உடலசைவாலேயே கதை சொன்னார். தணிக்கை அதிகாரியால் அசைவைச் சிவப்பு மை கொண்டு அடிக்க முடியாது. ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் கராத்தே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த கான்ட் ம்லாங்கா, 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கராத்தே குழுவையே ‘அமகோசி’ நாடகக் குழுவாக மாற்றினார். புதிய ஆட்சியாளர்களின் ஊழலைக் காட்டிய அவருடைய நாடகம் வெளிநாடு போக அரசு விடவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் கென்யாவின் தேசியப் பள்ளி நாடக விழாவில், புட்டேரே பெண்கள் பள்ளி மாணவிகள் நடிக்கவிருந்த நாடகத்தைச் சுற்றிப் பெரும் மோதல் வந்தது. எழுதியவர் முன்னாள் செனட்டர். மாணவிகளைச் சந்திக்கவிடாமல் அவரைப் போலீஸ் பிடித்துவைத்தது. கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகை வீசியது. மாணவிகள் நடிக்க மறுத்து வெளியேறினார்கள். பதினாறு வயதில் இதைப் பார்த்த பிள்ளையிடம், ‘நாடகத்தைத் தொழிலாக எடு’ என்று எந்தப் பெற்றோர் சொல்வார்?

வெளிநாட்டுப் பணம் நின்றபோது

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நாடகக்காரர்களுக்கு அரிசி வாங்கக் காசு கொடுத்துவந்தது விழிப்புணர்வு நாடகம். எய்ட்ஸ், மலேரியா, குழந்தைத் திருமணம், தேர்தல் அமைதி என்று தொண்டு நிறுவனங்கள் தலைப்புக் கொடுக்கும். குழு சந்தையிலும் பள்ளியிலும் நடிக்கும். அமெரிக்க அரசின் சர்வதேச உதவி அமைப்பு 2025 ஜூலை 1-ல் மூடப்பட்டதும் இந்தப் பணக் குழாய் பெரிதும் வற்றியது.

எனக்கு இந்த வகை நாடகத்தின் மேல் பெரிய காதல் இல்லை. முடிவு முதலிலேயே தெரிந்துவிடும்; கெட்ட கணவன் கடைசிக் காட்சியில் திருந்துவான். ஆனால் அதில் கிடைத்த கூலியில்தான் பல குழுக்கள் தாங்கள் விரும்பிய நாடகத்தை ஒத்திகை பார்த்தன. அந்த வருமானத்துக்கு மாற்றுச் சொல்லாமல் ‘இனி சுதந்திரமாகக் கலை செய்யுங்கள்’ என்று வாழ்த்துவது கொடுமை.

என்ன செய்யலாம்?

லாகோஸ் அரங்கத்துக்குப் பணம் போட்டவை வங்கிகள். அடுத்த தொகையை ஆட்களுக்குக் கொடுக்கட்டும். வேலையில் இருப்பவர் நாடகத்துக்காக ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு எடுக்கவும், தோற்றால் பழைய வேலைக்குத் திரும்பவும் வழி இருந்தால், பாதிப் பயம் போய்விடும். இதை அந்த வங்கிகளே தங்கள் ஊழியர்களிடமிருந்து தொடங்கலாம். ஒத்திகைக் காலத்துக்கு மட்டுமாவது படி கொடுக்கும் சிறு நிதி ஒன்று, தொண்டு நிறுவனத் தலைப்புகளுக்குக் கட்டுப்படாமல் இருக்க வேண்டும். கொடுப்பவருக்கு நாடகத்தின் கருத்தில் கைவைக்க உரிமை இருக்கக் கூடாது.

5,000 இருக்கைக் கூடம் புதிய குழுவுக்கு உதவாது. முன்னூறு பேர் வந்தாலும் காலியாகத்தான் தெரியும். பெரிய அரங்க வளாகங்களில் இருக்கும் சிறிய கூடங்களை வாடகை இல்லாமல், டிக்கெட் வசூலில் பங்கு என்ற முறையில் தர வேண்டும். ஒரு நாடகத்துக்குக் குறைந்தது மூன்று வாரக் கடைசி நாட்களாவது தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். வாய்வழிச் செய்தி பரவ அவ்வளவு நாளாகும்.

கட்டடமே வேண்டாம் என்றும் சிலர் காட்டியிருக்கிறார்கள். புர்கினா ஃபாசோவின் வாகதூகு நகரில் 2002 முதல் நடக்கும் ‘ரெக்ரியாத்ரால்’ நாடக விழா, ஒரு குடியிருப்புப் பகுதியின் வீட்டு முற்றங்களையே மேடையாக்கிக்கொள்கிறது. வீட்டுக்காரர்களும் விழாவின் பங்காளிகள். இரவுப் பயணத்துக்குப் பயப்படுகிற நகரங்களில், பார்வையாளர் இருக்கிற தெருவுக்கு நாடகம் போவதே சுலபம். பெரிய அரங்கங்களில் சனி, ஞாயிறு பகல் மூன்று மணிக் காட்சியைக் கட்டாயமாக்கினால் ஜெனரேட்டர் செலவும் குறையும், குடும்பங்களும் வரும்.

நாடகத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற காலனியக் காலத்து ஏற்பாடு எந்த நாட்டில் எந்தப் பெயரில் மிஞ்சியிருந்தாலும் அதை நீக்க வேண்டும். குறிப்பாகப் பள்ளி விழாக்களில் போலீஸுக்கு வேலை இல்லை.

கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. ஒவ்வொரு தேசிய அரங்கமும் ஆண்டுதோறும் தன் நாட்குறிப்பை வெளியிட வேண்டும். கம்பெனி விழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் எத்தனை நாள் போயின, உள்ளூர் நாடகக் குழுக்களுக்கு எத்தனை நாள் கிடைத்தன, அவற்றில், நைஜீரியா என்றால் யோருபா, ஹவுசா, இக்போ மொழி நாடகங்கள் எத்தனை என்று தனித்தனியாக. லாகோஸ் அரங்கம் தன் முதல் ஆண்டுக் கணக்கிலிருந்தே இதைச் செய்யலாம்.